புதுச்சேரியில் ஓப்பரா கச்சேரி: முதல்முறை போகிறவர்களுக்கு

'யாரோ இவர் யாரோ' பாட்டைக் கச்சேரியில் கேட்டிருப்பீர்கள். பாடுகிறவர் மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். ராமர் வேஷம் கிடையாது, வில் கிடையாது, கன்னிமாடமும் கிடையாது. பக்கத்தில் வயலின், மிருதங்கம், தம்புரா, அவ்வளவுதான். ஆனாலும் பைரவியில் அந்தப் பல்லவி எழும்போது, மிதிலையில் மாடத்தில் நிற்கும் சீதையை ராமர் முதன்முதலாக நிமிர்ந்து பார்க்கிற இடம் நம் கண் முன்னால் வந்துவிடுகிறது. அது தனிப்பாட்டு இல்லை. சீர்காழி அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய ராம நாடகக் கீர்த்தனையில் வருவது. ஒரு முழு நாடகத்தின் வேஷத்தையும் திரையையும் கழற்றி வைத்துவிட்டு, பாட்டை மட்டும் எடுத்து நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஓப்பராவைக் கச்சேரியாகப் பாடுவதும் இதேதான். அதனால்தான் "அது நமக்கு எங்கே புரியப் போகிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. இந்தக் கேட்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. மொழியும் குரலும்தான் புதுசு.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரி. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவள். புதுச்சேரியில் இருக்கும் என் சித்தி லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், பிரெஞ்சு சரளமாகப் பேசுவார். அவர் கூப்பிட்டுத்தான் முதல்முறை போனேன். ஒரு சின்ன அரங்கு, ஒரு பியானோ, நாலு பாடகர்கள். அன்றைக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்த விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், என்ன பாடப் போகிறார்கள் என்று பாருங்கள்

ஓப்பரா என்பது பெரும்பாலும் பாட்டாலேயே நகரும் ஐரோப்பிய நாடகம். 1600ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியில் பிறந்தது. அதை முழு வடிவில் போடப் பெரிய வாத்தியக் குழு, கோரஸ், உடை, மேடை அமைப்பு என்று நூறு பேருக்கு மேல் தேவைப்படும். அத்தனை பேரையும் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற முடியாது. அதனால் சுற்றுப்பயணமாக வருகிற குழு பெரும்பாலும் சின்னதாக இருக்கும். நாலைந்து பாடகர்கள், ஒரு பியானோ, சில சமயம் கூடவே இரண்டு வயலின், வயலின் இனத்திலேயே அதைவிடப் பெரிதான ஒரு வியோலா, ஒரு செல்லோ. முழு வாத்தியக் குழு வாசிக்க வேண்டியதைப் பியானோவுக்காகச் சுருக்கி எழுதிய பிரதி இருக்கும், பியானோக்காரர் அதை வைத்து வாசிப்பார். பாடகர்கள் கச்சேரி உடையில் நின்று, முன்னால் இசைப் பிரதி வைக்கும் ஸ்டாண்டோடு பாடுவார்கள்.

அழைப்பிதழில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, ஒரே ஓப்பராவை முழுசாகப் பாடுகிறார்களா, இல்லை பல ஓப்பராக்களிலிருந்து பொறுக்கியெடுத்த பாட்டுகளா? முதல்முறை போகிறவர்களுக்குப் பொறுக்கியெடுத்த பாட்டுகள் சுலபம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பாட்டில் கதாநாயகி சாகிறாள், அடுத்த பாட்டில் வேறு யாரோ கல்யாணத்துக்குத் தயாராகிறார்கள் என்று மனம் தாவிக்கொண்டே இருக்கும். ஒரே கதையாக இருந்தால் அரை மணி நேரத்தில் நாம் உள்ளே போய்விடுவோம். இரண்டு, எந்த மொழி? இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

அப்புறம், அழைப்பிதழில் ஒவ்வொரு பாடகர் பெயருக்குப் பக்கத்திலும் குரல் வகையைப் போட்டிருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. வேஷம் இல்லாத மேடையில் குரல்தான் வேஷம். சோப்ரானோ என்பது பெண் குரலில் உயர்ந்தது, பெரும்பாலும் கதாநாயகி. மெஸ்ஸோ சோப்ரானோ அதற்கு ஒரு படி கீழே, கொஞ்சம் கனமான குரல். தோழி, தாய், சில சமயம் கதாநாயகனை மயக்குகிறவள். டெனர் ஆண் குரலில் உயர்ந்தது, காதலன் பெரும்பாலும் இவர்தான். பாரிடோன் நடுக்குரல். நண்பன், அண்ணன், அப்பா, போட்டிக்காரன். பாஸ் அடிக்குரல். அரசன், பூசாரி, வயசானவர். விதிவிலக்கு உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸேயின் கார்மென் ஓப்பராவில் நாயகியே மெஸ்ஸோதான். ஆனாலும் முதல் நாளுக்கு இந்தக் கணக்குப் போதும்.

இன்னொன்று, பாடாத நேரத்தில் பாடகர்கள் மேடையிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் எழுந்து முன்னால் வந்தால் அந்தப் பாத்திரம் காட்சிக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். போய் உட்கார்ந்தால் காட்சியை விட்டுப் போயாயிற்று. இது தெரியாமல் நான் முதல் இருபது நிமிஷம் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று தடுமாறினேன்.

கதையைப் படிக்காமல் போகாதீர்கள்

இதுதான் முக்கியமான படி. சொல்லப்போனால் மற்றதெல்லாம் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிட்டுப் போங்கள்.

நம் ஊரில் தெருக்கூத்து பார்க்க உட்காருகிறவர்களுக்குத் திரௌபதி துகிலுரிதல் தெரியும், கர்ணன் சாகப்போவது தெரியும். தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்விக்காக யாரும் உட்காருவதில்லை. அந்த இடத்தைக் கூத்துக்காரர் எப்படிப் பாடுகிறார் என்று பார்க்கத்தான். ஓப்பராவுக்கு வருகிற ஐரோப்பியர்களும் கதை தெரிந்தே வருகிறார்கள். கதை கெட்டுப்போய்விடுமே என்ற பயம் வேண்டாம்.

முதல்முறை கேட்க எதைச் சொல்வாய் என்று கேட்டால், பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜார்ஜ் பிஸேயின் 'முத்துக்குளிப்போர்' என்பேன். பாரிஸில் 1863இல் முதலில் மேடையேறியபோது அவருக்கு வயது 24. கதை நடக்கிற இடம் இலங்கைக் கடற்கரை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் நம் ஆட்கள் என்பதால் எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதுமே ஒரு நெருக்கம் வந்துவிட்டது.

கதை இதுதான். கடற்கரையில் முத்துக்குளிப்போர் கூடி, ஸுர்கா என்பவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவனுடைய பழைய நண்பன் நதீர் திரும்பி வருகிறான். முன்னொரு காலத்தில் இருவரும் ஒரு கோயிலில் முக்காடிட்ட ஒரு பெண்ணைப் பார்த்து, ஒரே நேரத்தில் மனதைப் பறிகொடுத்தவர்கள். நட்பு கெட்டுவிடக் கூடாது என்று இருவருமே அவளை மறந்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறார்கள். இப்போது, கடலுக்குப் போகிறவர்கள் பத்திரமாகத் திரும்பப் பாறைமேல் நின்று பிரார்த்திப்பதற்காக முக்காடிட்ட ஒரு பெண்ணைக் கூட்டி வருகிறார்கள். அவள்தான் இவள், லெய்லா. அவள் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது, அவளும் யாரையும் விரும்பக் கூடாது. நதீர் குரலை வைத்தே அவளை அடையாளம் கண்டுபிடிக்கிறான். இருவரும் சேர்ந்திருக்கும்போது பிடிபடுகிறார்கள், மரண தண்டனை. கோபத்தில் வெந்துகொண்டிருக்கும் ஸுர்கா, லெய்லாவிடம் இருந்த ஒரு கழுத்துமாலையைப் பார்க்கிறான். ஒரு காலத்தில் தன் உயிரைக் காப்பாற்றிய சிறுமிக்கு அவனே கொடுத்த மாலை அது. ஊருக்குத் தீ வைத்து, எல்லாரும் தீயை அணைக்க ஓடும் நேரத்தில் இருவரையும் தப்பிக்க விடுகிறான்.

இந்த இலங்கை, பாரிஸில் உட்கார்ந்தவர்கள் மனதால் கட்டிய இலங்கை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதையை எழுதியவர்கள் முதலில் யோசித்த இடம் மெக்ஸிகோ. பிறகுதான் இலங்கைக்கு மாற்றினார்கள். அதில் பிரம்மாவைக் கூப்பிடுகிறார்கள், ஆனால் அந்தக் கடற்கரையின் மொழியோ, முத்துச்சலாபத்தின் உழைப்போ, சங்கோ சுறாவோ அதில் இருக்காது. இது எனக்குக் குறைதான். ஆனால் நட்புக்கும் ஆசைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இரண்டு ஆண்களின் தவிப்பைப் பிஸே இசையில் வைத்திருப்பது பொய் இல்லை. குறையைத் தெரிந்துகொண்டே கேட்கலாம்.

இதேபோல லேயோ தெலீப் இசையமைத்த லக்மே, பாரிஸில் 1883இல் மேடையேறியது. இந்தியாவில் நடக்கும் கதை. நீலகண்டர் என்ற பூசாரியின் மகள் லக்மே, அவள் தோழி மல்லிகா. ஓர் ஆங்கிலேய அதிகாரியிடம் மனதைக் கொடுத்து, கடைசியில் அவன் தன்னை விட்டுப் போகப் போகிறான் என்று உணர்ந்ததும் ஊமத்தை இலையைக் கடித்து உயிரை விடுகிறாள். நம் வேலியோரச் செடி ஒன்று பாரிஸ் மேடையில் கதாநாயகியின் உயிரை எடுக்கிறது.

நீங்கள் போகும் நிகழ்ச்சியில் எந்தக் கதையோ, அதை ஒரு பக்கத்தில் படித்துவிட்டு, வீட்டில் யாருக்காவது வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்துவிட்டால் தயார்.

இரண்டே இரண்டு பாட்டு, மூன்று முறை

முழு ஓப்பராவையும் யூடியூபில் கேட்டுவிட்டுப் போக முயற்சி செய்யாதீர்கள். போனில் கேட்டால் சலிப்புத்தான் வரும். இரண்டு பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தனிப்பாட்டு, அதை ஆரியா என்பார்கள். ஒரு டூயட். ஒவ்வொன்றையும் வெவ்வேறு நாளில் மூன்று முறை. அரங்கில் அந்த இடம் வரும்போது தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல இருக்கும்.

முத்துக்குளிப்போர் என்றால், நதீரும் ஸுர்காவும் கோயிலில் பார்த்த பெண்ணை நினைத்துப் பாடும் டூயட்டைக் கேளுங்கள். டெனரும் பாரிடோனும். அந்தக் கோயிலுக்குள் அவள் தோன்றுவது, கூட்டம் விலகுவது, முக்காடு விலகுவது எல்லாம் சொல்லில் வரும். அடியில் ஓடும் மெட்டு முதலில் புல்லாங்குழலில், யாழ் போன்ற ஹார்ப்பின் துணையோடு வரும்படி பிஸே எழுதியிருக்கிறார். சின்னக் குழுவில் அதைப் பியானோக்காரரின் பத்து விரலும் செய்யும். அந்த மெட்டு பிறகு லெய்லா வரும் இடங்களிலெல்லாம் தலைகாட்டும். வேஷமும் வெளிச்சமும் இல்லாத மேடையில், "இவள்தான் அவள்" என்று நமக்குச் சொல்வது அந்த மெட்டுத்தான். லக்மே என்றால் லக்மேயும் மல்லிகாவும் ஆற்றங்கரையில் பூப்பறிக்கப் போகும்போது பாடும் டூயட். ஒரு விமான நிறுவனத்தின் விளம்பரத்தில் அதை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கக் கூடும்.

கேட்கும்போது நம் காது எங்கே தடுக்கும் என்று சொல்கிறேன்.

ஒன்று, தம்புரா இல்லை. நமக்குச் ஷட்ஜம் ஒன்று கச்சேரி முழுக்கக் காலடித் தரைபோல இருக்கும். இங்கே அந்தத் தரையே இடம் மாறிக்கொண்டிருக்கும். பாடகர் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கீழே பியானோவில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு மாறும். அதே ஸ்வரம் சற்றுமுன் ஆறுதலாக இருந்தது, இப்போது கலக்கமாகத் தோன்றும். நம் இசையில் ஒரு ஸ்வரத்தை அசைத்து உணர்வைக் கொண்டுவருகிறோம். அவர்கள் அதன் அடியில் இருப்பதை மாற்றிக் கொண்டுவருகிறார்கள். இது எனக்குப் பிடிபட்ட அன்றைக்குத்தான் ஓப்பரா எனக்குத் திறந்தது. நீங்களும் ஒரு முறை பாடகரை விட்டுவிட்டுப் பியானோவை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு, குரலின் நடுக்கம். நீண்ட ஸ்வரங்களில் குரல் நொடிக்கு ஆறு முறைபோல மெல்ல அலைவதைக் கேட்பீர்கள். இது நாம் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லை. கமகம் ராகத்தின் உடம்பு, அதை எடுத்துவிட்டால் ராகமே போய்விடும். இது பயிற்சி பெற்ற குரல் தளர்ந்து திறந்திருக்கும்போது தானாக வரும் அலைவு. கமகமாக நினைத்துக் கேட்டால் சுருதி சேரவில்லையோ என்று தோன்றும். அப்படிக் கேட்காதீர்கள்.

மூன்று, அந்தக் குரலின் பருமன். ஏன் இப்படிப் பெருங்குரலில் பாடுகிறார்கள் என்று என் அம்மாவும் கேட்டார். மைக் இல்லை என்பதுதான் பதில். பெரிய அரங்கில் அறுபது எழுபது வாத்தியங்களைத் தாண்டி ஒரு தனிக் குரல் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். வாத்தியக் குழுவின் ஒலி வலு 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) பக்கம் அதிகமாகக் குவிந்திருக்கும். மேலே போகப் போகக் குறையும். ஓப்பராப் பாடகர்கள், குறிப்பாக ஆண்கள், தொண்டையையும் வாயின் உட்பகுதியையும் பழக்கி, 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில் குரலுக்கு ஒரு தனி வலுவை உண்டாக்கிக்கொள்கிறார்கள். வாத்தியங்கள் மெலிந்திருக்கும் அந்த இடைவெளி வழியாகக் குரல் வெளியே வந்துவிடுகிறது. நம் பக்கத்துக் கூத்துக்காரர்கள் உச்சக்குரலில் பாடி, மைக் வராத காலத்தில் கூட்டத்தின் கடைசி ஆள்வரை எட்டினார்கள். தேவை ஒன்றுதான், வழி வேறு. மின்விசிறியும் மைக்கும் இல்லாத அமைதியான அறையில் பத்தடி தூரத்தில் ஒரு சோப்ரானோ உச்சத்தைத் தொடும்போது அது காதில் மட்டும் கேட்காது, நாற்காலியின் கைப்பிடியில் தெரியும். எந்தப் போனும் இதைத் தராது. போகச் சொல்வதே இதற்காகத்தான்.

சொற்கள் புரியாததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சித்தியிடம் "உங்களுக்கு எல்லாம் புரிந்ததா" என்று கேட்டேன். "மேலே போகப் போக எனக்கும் பாதிதான் புரியும்" என்றார். குரல் உச்சத்துக்குப் போகும்போது அ, இ, உ எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும், எந்த மொழியானாலும் இதுதான் நிலை. அதனால்தான் பிரெஞ்சுக்காரர்கள் பிரெஞ்சு ஓப்பரா பார்க்கும்போதும் மேடைக்கு மேலே எழுத்தில் சொற்களைப் போடுகிறார்கள். டூயட்டில் இருவர் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்களைப் பாடுவார்கள். இரண்டையும் பிடிக்கப் பார்க்காமல் ஒரு குரலின் பின்னால் மட்டும் போங்கள்.

போகிற நாள்

புதுச்சேரியில் இந்த மாதிரி இசைக்கு ஒரே இடம் என்று இல்லை. சுய்ஃப்ரேன் வீதியில் உள்ள பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ், ஆரோவில் பாரத் நிவாஸில் உள்ள ஸ்ரீ அரவிந்தர் அரங்கம், தேவாலயங்கள், பழைய பிரெஞ்சு வீட்டு முற்றங்கள் என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஜூன் 21 இசைத் திருநாளை ஒட்டியும் மேற்கத்திய இசையை நேரில் கேட்க வாய்ப்புக் கிடைக்கும். 1982இல் பிரான்ஸில் தொடங்கிய வழக்கம் அது. அனுமதி இலவசமா, முன்பதிவு வேண்டுமா என்பதை முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். இலவசம் என்றால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும்.

கடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் அரியாங்குப்பம், முதலியார்பேட்டை நெரிசலுக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். புதுச்சேரி பஸ் நிலையத்திலிருந்து ஒயிட் டவுனுக்கு ஆட்டோ. மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், அதனால் உள்வீதியில் இறங்கி நடக்கும்படி இருக்கும். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், இரண்டாவது முறை நான் பத்து நிமிஷம் தாமதமாகப் போனேன். கதவைச் சாத்திவிட்டார்கள். நம் சபாக்களில் பாட்டுக்கு நடுவே உள்ளே போகலாம், தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேண்டீனுக்கும் போகலாம். இங்கே அது கிடையாது. இடைவேளை வரை நான் வராந்தாவில் நின்றேன். நான் வீட்டில் கேட்டுவிட்டு வந்த அந்த டூயட் கதவுக்கு உள்ளே நடந்து முடிந்தது. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

சரி, எங்கே உட்காருவது? சின்ன அரங்கில் முதல் வரிசை வேண்டாம். நாலாவது, ஐந்தாவது வரிசையில் நடுவில் உட்கார்ந்தால் குரலும் பியானோவும் கலந்து வரும். பியானோக்காரரின் கையைப் பார்க்க ஆசை இருந்தால் மேடையைப் பார்த்து இடது பக்கம் உட்காருங்கள். தேவாலயத்தில் கணக்கு மாறும். உயர்ந்த கூரையும் கல்லும் சுண்ணாம்பும் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பும். தூமா வீதியில் இருக்கும் 1855ஆம் ஆண்டுத் தேவாலயம் போன்ற இடத்தில் பின்னால் உட்கார்ந்தால் ஒரு சொல் முடிவதற்குள் அடுத்த சொல் மேலே விழும். அங்கே முன்னால் உட்காருங்கள்.

உடைக்குப் பெரிய விதி எதுவும் இல்லை. ஒரு நல்ல சேலை, சுடிதார், சட்டை வேட்டி, எதுவும் சரி. ஏசி அரங்கம் என்றால் ஒரு துப்பட்டாவோ சால்வையோ இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இருமல் இருந்தால் பனங்கற்கண்டைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். மிட்டாய் உறையைப் பிரிக்கிற சத்தம், மைக் இல்லாத அரங்கில் மேடைவரை போகும். அதே காரணத்துக்காகப் போனை அதிர்வில் வைப்பதும் போதாது, அணைத்துவிடுங்கள். அனுமதி கேட்காமல் பதிவு செய்யாதீர்கள்.

உள்ளே

விளக்கு மங்குவதற்கு முன் வாத்தியக்காரர்கள் சுருதி சேர்ப்பார்கள். பியானோ இருந்தால் அதிலிருந்து ஒரு ஸ்வரம் எடுத்து மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நம் ஊர்க் கடல்காற்றின் ஈரத்தில் சுருதி சீக்கிரம் மாறிவிடும், அதனால் இடைவேளையிலும் மறுபடி சேர்ப்பார்கள். பொறுத்திருங்கள்.

தொடையில் தாளம் போடும் பழக்கம் உள்ளவர்கள் கையைக் கட்டிக்கொள்வது நல்லது. இந்த இசையில் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், உணர்ச்சிக்கு ஏற்ப இழுபடும், சுருங்கும். நாம் போடுகிற தாளம் பக்கத்தில் இருப்பவரைக் கலைக்கும், நம்மையும் கலைக்கும். 'ஆஹா', 'பேஷ்' எல்லாம் மனதுக்குள் இருக்கட்டும். எனக்கு இது உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. நம் கச்சேரியில் பாராட்டு பாட்டோடு கூடவே போகும், வித்வானும் அதை எதிர்பார்ப்பார். இங்கே பாராட்டைச் சேர்த்து வைத்திருந்து ஒரே மூச்சில் கொடுக்க வேண்டும்.

எப்போது கொடுப்பது? ஓப்பராவில் ஆரியா முடிந்ததும் கை தட்டலாம், தவறில்லை. ஆனால் பாடகர் நிறுத்தியதும் தட்டாதீர்கள். பியானோவின் கடைசி ஒலி அடங்கி, பியானோக்காரர் கையைக் கீழே இறக்கும்வரை காத்திருங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டாவது ஆளாகத் தட்டுங்கள், முதல் ஆளாக வேண்டாம். 'பிராவோ' என்று சொல்ல ஆசை இருந்தால் சொல்லலாம். இத்தாலிய வழக்கப்படி ஆணுக்குப் பிராவோ, பெண்ணுக்குப் பிராவா, பலருக்குப் பிராவி. நாடகக் கொட்டகையில் நாம் ஒன்ஸ்மோர் கேட்பதுபோல அவர்கள் ஊரிலும் மறுபடி பாடச் சொல்லிக் கேட்பது உண்டு. ஆனால் கதை நடுவில் அதைக் கேட்காமல் இருப்பது நல்லது. எல்லாம் முடிந்து நன்றாகக் கை தட்டினால் அவர்களே இன்னொரு பாட்டு பாடுவார்கள்.

ஆரியாக்களுக்கு நடுவே பேச்சுபோலப் பாடிக்கொண்டு போகிற பகுதிகள் வரும். அங்கே மெட்டைத் தேடாதீர்கள். விருத்தத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் நிற்கிற ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை நகர்வது அங்கேதான், மனம் நிற்பது ஆரியாவில். கையில் கதைச்சுருக்கத் தாள் இருந்தால் இந்தப் பகுதியில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். ஆரியா தொடங்கியதும் தாளைக் கீழே வைத்துவிடுங்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா? எட்டு வயதுக்கு மேல் என்றால் கதையைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். அதற்குக் கீழே என்றால் கதவோரம் உட்கார்ந்து, முடியாதபோது சத்தமில்லாமல் வெளியே வந்துவிடுங்கள்.

பக்கத்தில் வயதான புதுச்சேரிக்காரர் யாராவது உட்கார்ந்திருந்தால் இடைவேளையில் பேச்சுக் கொடுங்கள். பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா குடும்பங்களிலும், லிசேயில் படித்தவர்களிலும் இந்தப் பாட்டுகளின் சொற்களை மனப்பாடமாகச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஐந்து நிமிஷத்தில் சொல்லித் தருவது எந்தத் தாளிலும் இருக்காது.

முடிந்ததும் ஓடிவிடாதீர்கள்

பஸ்ஸுக்கு நேரமிருந்தால் பத்து நிமிஷம் நில்லுங்கள். சின்னக் குழு என்பதால் கலைஞர்கள் வெளியே வந்து பேசுவார்கள். மொழி வரவில்லை என்று தயங்க வேண்டாம், கை கூப்பினாலே போதும். நம் வயலினைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். ஐரோப்பிய வயலினை முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக்கொண்டு நம் இசைக்குள் கொண்டுவந்ததையும், நாம் தரையில் உட்கார்ந்து, தந்திகளை ஸ, ப, ஸ, ப என்று சேர்த்து வாசிப்பதையும் சொல்லுங்கள். பிரெஞ்சுக்காரர்களாக இருந்தால் இன்னொன்றையும் சொல்லலாம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, அந்தக் காலத்தில் காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில்தான் அச்சேறியது. முழுக்கப் பாட்டால் ஆன ஒரு தமிழ்க் கதையை அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் மதித்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

அந்த முதல் மாலை, லெய்லாவாகப் பாடிய பெண் சித்தியிடம் "உங்கள் பாட்டு ஒன்று பாடுங்களேன்" என்று கேட்டார். சித்தி கூச்சத்தோடு 'யாரோ இவர் யாரோ' பல்லவியை இரண்டு முறை பாடினார். அந்தப் பெண் ராகம் என்ன, தாளம் என்ன என்று கேட்கவில்லை. "இதைப் பாடுவது யார்? யாரைப் பார்த்து?" என்று கேட்டார். சித்தி பிரெஞ்சில் சொன்னார். ஓர் இளவரசன், மாடத்தில் நிற்கும் பெண்ணைப் பார்த்து, இன்னும் அவள் பெயர் தெரியாமல். அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு, "அப்படியானால் மறுபடி பாடுங்கள், இப்போது கேட்கிறேன்" என்றார்.

அதனால் கிளம்பும்போது உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை யார், யாரைப் பார்த்து, எந்த நிலையில் பாடுகிறார் என்று இரண்டு வரியில் சொல்லத் தயாராகப் போங்கள்.